அழியாது என்று நம்பி ஐபிஎஃப்எஸ்ஸில் போட்டேன்

அப்பாவின் கணக்கு நோட்டை ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப்பாக ஐபிஎஃப்எஸ்ஸில் (பலரின் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வலை) ஏற்றினேன். "எந்தக் கம்பெனி மூடினாலும் இது போகாது" என்று அண்ணனிடம் அளந்துவிட்டு, வாயில் நுழையாத அந்தச் சிஐடியை (கோப்பின் அடையாள எழுத்துக்கோவை) இணைப்பாக வாட்ஸப்பில் அனுப்பியும் வைத்தேன்.

அப்புறம் லேப்டாப்பை ஃபார்மேட் செய்தேன். சில வாரம் கழித்து அண்ணன் போனில், "திறக்க மாட்டேங்குதேடா." கேட்வே (வலையிலுள்ள கோப்பைப் பிரவுசரில் திறந்து காட்டும் தளம்) சுற்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் உறைத்தது: அந்த வலை தானாக நகல் எடுத்து வைக்காது. கோப்பைக் கேட்டு வாங்கிய கணினியில் கொஞ்ச நாள் கிடக்கும். யாரும் பின் செய்யவில்லை (அழிக்காமல் வைத்திரு என்று குறித்து வைக்கவில்லை) என்றால் குப்பையோடு குப்பையாகப் போய்விடும். உலகத்திலேயே அதைப் பின் செய்திருந்தது என் லேப்டாப் மட்டும்தான்.

நல்லவேளை, பீரோவில் ஒரு பென் டிரைவ் இருந்தது. அதே பிடிஎஃப்பை, அதே அமைப்புகளோடு கூபோவில் (ஐபிஎஃப்எஸ்ஸை இயக்கும் மென்பொருள்) மறுபடி ஏற்றினேன். எழுத்து பிசகாமல் அதே சிஐடி! அது இருக்கும் இடத்தின் முகவரி இல்லை, கோப்பின் பைட்டுகளிலிருந்து கணக்கிடும் ஹாஷ், கோப்பின் கைரேகை மாதிரி. வாட்ஸப்பில் செத்துக் கிடந்த இணைப்பு திறந்துகொண்டது. இப்போது அண்ணன் வீட்டுக் கணினியிலும் பின் செய்திருக்கிறோம். அடுத்து, நிரந்தரச் சேமிப்பு வலையான ஆர்வீவில் போடலாமா என்று யோசனை.

பதில் 1:
எனக்கு நேர் எதிர் அனுபவம் சார். நான் ஆர்வீவில்தான் போட்டேன். ஒரே தடவை கட்டணம். இன்றைய விலையில் 200 ஆண்டு வைத்திருக்க ஆகும் தொகையை முன்பே வாங்கிக்கொள்கிறார்கள். சேமிப்புச் செலவு ஆண்டுக்கு 0.5 சதவீதம் குறைந்தாலே வண்டி ஓடிக்கொண்டிருக்கும் என்பது அவர்கள் கணக்கு. (ஃபைல்காயின் என்ற இன்னொரு சேமிப்பு வலை அப்படியில்லை, அங்கே ஒப்பந்தத்துக்குக் கெடு உண்டு.) 2021 ஜூனில் ஹாங்காங்கின் ஆப்பிள் டெய்லி நாளிதழ் மூடப்பட்டபோது ஆர்வலர்கள் அதன் செய்திகளை ஆர்வீவில்தான் ஏற்றினார்கள். யாராலும் நீக்க முடியாது என்பதுதான் காரணம்.

என்னாலும் முடியாது! குடும்ப ஆவணங்களோடு அம்மாவின் வங்கிப் பாஸ்புக் பக்கமும் போய்விட்டது. ஒரு கேட்வேயில் மறைக்கச் சொல்லிக் கேட்கலாம், சேமித்ததை எடுக்க வழியில்லை. கணக்கையே மாற்றினோம். இப்போதெல்லாம் குறியாக்கம் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது) செய்யாமல் எதையும் ஏற்றுவதில்லை.

பதில் 2 (நோட்டுக்காரன்):
இதைப் படித்துவிட்டு நோட்டை மறுபடி புரட்டினேன். நடுவில் இரண்டு பக்கம், ஊரில் யார் யார் அப்பாவிடம் எவ்வளவு கடன் வாங்கினார்கள் என்ற பட்டியல், பெயரோடு. ஆர்வீவ் இப்போதைக்கு வேண்டாம். அண்ணனிடமும் சொல்லி, பின் செய்ததை எடுக்க வேண்டும்.