ஏ.டி.எம்.எஸ். தரவில் அடிக்கடி 330 கெல்வின் வருகிறது: எங்கே பிழை?

கேள்வி (கல்லூரி மாணவர், சேலம்):
வணக்கம். நோவா-20 என்னும் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளின் ஏ.டி.எம்.எஸ். என்ற நுண்ணலை உணர் கருவி தரும் ஒளிர்வு வெப்பநிலையை (உணர்ந்த கதிர்வீச்சின் அளவைக் கெல்வினில் சொல்வது), மார்ச் முதல் மே வரை சேலத்துக்கும் சேர்வராயன் மலைக்கும் தனித்தனியே சராசரி எடுத்து ஒப்பிட முயல்கிறேன். எச்.டி.எஃப்.5 என்ற வடிவத் தரவுக் கோப்பிலுள்ள எண்களை அதே கோப்பில் தரப்பட்டுள்ள காரணியால் பெருக்கினால், சில நாள்களில் சொல்லிவைத்தாற்போல் 330 கெல்வின் வருகிறது. அது 57 டிகிரி செல்சியஸ். சேலத்துக் கத்திரி வெயிலுக்கே இது மிகை. உலகம் முழுவதற்குமான தரவைச் சேமிப்பதால் வன்தட்டும் நிரம்பிவிட்டது.

பதில்:
கருவி உணரும் 22 அலைவரிசைகளுள், அதாவது சேனல்களுள், பத்தாவதைப் பாருங்கள். அது அடுக்கு மண்டலத்தின் கீழ்ப்பகுதியை உணர்வது. நம் அட்சரேகையில் 210 கெல்வினை ஒட்டியே இருக்க வேண்டும்.

கேட்டவர்:
பார்த்தேன் ஐயா. அங்கும் அதே நாள்களில் 330தான்.

பதில்:
அப்படியானால் அது வெப்பமே அன்று. மதிப்புகள் குறியில்லாத 16 பிட் முழு எண்களாக உள்ளன. அவற்றுள் 65528 முதல் 65535 வரையிலான எட்டும் அளவீடுகள் அல்ல, தரவு இல்லாமையையும் பிழையையும் சுட்டும் குறியீடுகள். பெருக்கியதும் அவை வெயில் வேடம் பூண்டு சராசரிக்குள் நுழைந்துவிடுகின்றன. பெருக்கும் முன்பே நீக்குங்கள்.

கேட்டவர்:
சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் முதல் சேனலில் ஏற்காட்டுக்கும் சேலத்துக்கும் வேறுபாடே தெரியவில்லையே?

இன்னொருவர் (ஏற்காடு):
தெரியாது. 23.8 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் அச்சேனலின் பார்வைத் தடம், அதாவது ஒரே பார்வையில் அது காணும் தரைப்பரப்பு, நேர்கீழேயே 75 கி.மீ. அகலமுடையது, ஓரங்களில் இன்னும் விரியும். மலையும் ஊரும், செயற்கைக்கோள் கடந்துபோகும் சில வேளைகளில் மேட்டூர் நீர்த்தேக்கமும், ஒரே தடத்துக்குள் அடங்கிவிடும். 17 முதல் 22 வரையிலான சேனல்களின் தடம் 16 கி.மீ.தான் என்றாலும், 183 கிகாஹெர்ட்ஸைச் சூழ்ந்தவை தரையைவிட நீராவியையே உணர்கின்றன. ஒரு மலையைப் பிரித்தறிய நான் இத்தரவை நம்பமாட்டேன்.

சேமிப்பைப் பொறுத்தவரை, தரவு 32 விநாடித் துணுக்குகளாக வருகிறது. ஒரு துணுக்கில் 12 வரிகள், வரிக்கு 96 பார்வைகள், 22 சேனல்கள். மதிப்புக்கு இரண்டு பைட் என்றால் ஏறத்தாழ 50 கிலோபைட். நாளுக்கு 2,700 துணுக்குகள் சேர்ந்து 137 மெகாபைட் ஆகும். நீங்கள் எட்டு பைட் தசம எண்ணாக எழுதுவதால்தான் அது நான்கு மடங்காகிறது. முழு எண்ணாகவே வைத்து, காரணியையும் நிரப்பு மதிப்பையும் (தரவு இல்லாமையைச் சுட்டும் குறியீடு) கோப்பின் பண்புகளாக எழுதிச் சுருக்குங்கள். உங்களுக்கு வேண்டியவையோ பகல் ஒன்றரை மணியையும் இரவு ஒன்றரை மணியையும் ஒட்டிச் சேலத்தைக் கடக்கும் சில துணுக்குகள் மட்டுமே. அட்சரேகை, தீர்க்கரேகை விவரம் தனிக் கோப்பில் வருவதால், அதையும் அதே நேர முத்திரையோடு எடுத்துவையுங்கள்.