பழைய மோட்டார் யாட்: டீசல் செலவு குறைய எஞ்சினை மாத்தணுமா?

நங்கூரம்:
மலேசியாவின் லங்காவியில் நிற்கும் 1978 கிராண்ட் பேங்ஸ் 42 மோட்டார் யாட் என்னுடையது. ஃபோர்டு லேமன் 120 டீசல் எஞ்சின் இரண்டு. 8.5 நாட் (மணிக்கு 8.5 கடல் மைல்) ஓட்டத்தில் இரண்டும் சேர்ந்து மணிக்கு 26 லிட்டர் குடிக்கிறது. பினாங்கு சுமார் 60 கடல் மைல். போக மட்டுமே 180 லிட்டருக்கு மேல். முழு த்ராட்டிலிலும் 2,250 ஆர்.பி.எம். தாண்டவில்லை, லேசாகக் கரும்புகை. புது எஞ்சின் போட்டால் கட்டுப்படியாகுமா? ஒரு எஞ்சினை மட்டும் ஓட்டலாமா?

கொண்டல்:
முதல்ல வேகத்தைக் குறைங்க சார். இது தண்ணியைப் பிளந்து போற படகு, மேலே ஏறிச் சறுக்குற வகை இல்லை. நீர்க்கோட்டு நீளம் ஏறக்குறைய 41 அடி; அதன் வர்க்கமூலம் 6.4, அதை 1.34-ஆல் பெருக்கினா 8.6 நாட், இந்த வகைப் படகோட வேக வரம்பு. அந்த வரம்பை ஒட்டியே ஓட்டுறீங்க, டீசல்ல பெரும்பங்கு அலை எழுப்பத்தான் போகுது. 7 நாட்டுக்கு இறக்கினா மணிக்கு 14–15 லிட்டர்தான் வரும். பினாங்குக்கு ஒன்றரை மணி நேரம் கூடும், 60 லிட்டர் மிச்சம். நாள் முழுக்க மெதுவா போனா, கரை சேருமுன் 15 நிமிஷம் வேகத்தைக் கூட்டி எஞ்சினை நல்லா சூடாக்குங்க. இல்லைன்னா கரி படியும்.

எஞ்சின்ரூம்:
எனக்கு உறுத்துறது அந்த 2,250. லேமன் 120 முழுச் சுமையில 2,500 தொடணும். ஆனா பழைய டாக்கோமீட்டரை (ஆர்.பி.எம். காட்டுற மீட்டர்) நம்பாதீங்க, ஒளியால அளக்குற கை டாக்கோவால கிராங்க் புல்லியில அளந்து பாருங்க. அளவு சரின்னா அடுத்து ப்ரொப்பெல்லர். வெப்பக் கடல்ல சில வாரம் சும்மா நின்னாலே பிளேடுல கொட்டலசு (ஒட்டிக்கிற சின்ன ஓட்டு உயிர்) பிடிச்சிடும். அதைச் சுரண்டி, அடிப்பகுதிப் பாசியையும் எடுத்துட்டு மறுபடி ஓட்டுங்க. அப்பவும் எட்டலைன்னா பிட்ச் (ஒரு சுத்துக்கு ப்ரொப்பெல்லர் முன்னேறக்கூடிய தூரம்) அதிகம்னு அர்த்தம். 1 அங்குலம் குறைச்சா 150–200 ஆர்.பி.எம். ஏறும். அழுக்கு ப்ரொப்பெல்லரோட அளந்துட்டு பிட்சை மாத்தினா, சுத்தம் செஞ்ச பிறகு கணக்கு மொத்தமா தப்பிடும்.

புகைக்கு ஏர் ஃபில்டர், அப்புறம் இன்ஜெக்டர். இன்ஜெக்டருக்கு டீசலைத் தள்ளுற சிம்ஸ் பம்புக்குத் தனி எண்ணெய் இருக்கு, பலர் மறக்குறது இதைத்தான். உள்ளே டீசல் கசிந்து நீர்த்துப்போகும், அதனால 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்துங்க.

நங்கூரம்:
டைவரை வைத்துச் சுரண்டிவிட்டு அளந்து சொல்கிறேன் அண்ணே. ஒற்றை எஞ்சின் விஷயம்?

சுக்கான்:
பாதி டீசல் மிச்சம்னு கணக்குப் போடாதீங்க. நின்ன ப்ரொப்பெல்லர் தண்ணியை இழுக்கும், சுக்கானையும் ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டே போகணும். கிடைக்கிறது சொற்பம். ஆபத்து கியர்பாக்ஸ்ல: பல கியர்பாக்ஸ்ல எண்ணெய் பம்பை எஞ்சின் பக்கத் தண்டுதான் சுத்தும். எஞ்சின் நின்னு ஷாஃப்ட் மட்டும் சுத்தினா பேரிங்குக்கு எண்ணெய் போகாது. கையேடு அனுமதிக்கலைன்னா ஷாஃப்டைப் பூட்டணும். ஷாஃப்ட் வழியா கடல் தண்ணி உள்ளே வராம தடுக்குற சீல், எஞ்சின் அனுப்புற தண்ணியில குளிர்ற வகையா இருந்தா அதுவும் சூடேறும்.

புது எஞ்சின்? வருஷம் 100 மணி நேரம், மணிக்கு 15 லிட்டர்னா 1,500 லிட்டர். அதுல 15 சதவீதம் மிச்சம்னே வெச்சாலும் 225 லிட்டர். கியர்பாக்ஸ், ஷாஃப்ட், எக்ஸாஸ்ட் வேலை வேற சேரும். டீசலுக்காக இந்த லேமனைக் கழட்ட வேண்டாம்.