பிளீக்லோ மேட்டில் போர்க்கால விமானச் சிதைவுகள்: எப்படிப் போவது, அனுமதி வேண்டுமா?

காட்பாடி மாணவன்:
அண்ணன்மார்களுக்கு வணக்கம். செப்டம்பரில் மேற்படிப்புக்கு மான்செஸ்டர் போகிறேன். அங்கே கிளாசப் ஊருக்கு மேலே பிளீக்லோ மேட்டில் 1945இல் விழுந்த லங்காஸ்டர், சி-47 இரண்டின் பாகங்களும், 1948இல் விழுந்த அமெரிக்க பி-29உம் இன்னும் வெட்டவெளியில் கிடக்கின்றன என்று படித்தேன். மூன்றையும் ஒரே நாளில் பார்க்க முடியுமா? கார் கிடையாது. யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா? உச்சி 633 மீட்டர்தான், ஏலகிரியில் பாதிதான் வருகிறது. ஷூ, மழைக்கோட்டு எல்லாம் வேலூரிலேயே வாங்கிவிடலாமா?

சத்துவாச்சாரி நடையர்:
தம்பி, உயரத்தை வைத்து அந்த மேட்டை எடை போட வேண்டாம். ஏலகிரியில் பாறை, மரம், தார்ச்சாலை, பதினான்கு கொண்டை ஊசி வளைவு என்று அடையாளம் பிடித்துக்கொள்ள ஏதாவது இருக்கும். பிளீக்லோ மேலே தட்டை. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே நிறத்தில் புல்லும், செடிகொடி மக்கிச் சேர்ந்த கறுப்பான பீட் மண்ணும்தான். அந்த மண்ணைத் தண்ணீர் அறுத்து அறுத்து ஆள் உயரத்துக்கு மேல் ஆழமான வாய்க்கால்களாக்கி வைத்திருக்கிறது. ஒன்றுக்குள் இறங்கினால் வெளியே எதுவும் தெரியாது. ஏறி வரும்போது முகம் வேறு திசையில் இருக்கும். வழி தவறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

இனி வழி. மான்செஸ்டர் பிக்கடிலியிலிருந்து கிளாசப்புக்கு நேர் ரயில் உண்டு, அரை மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து ஓல்ட் கிளாசப் வந்து, ஷெல்ஃப் ஓடையை ஒட்டி டாக்டர்ஸ் கேட் என்ற பழைய பாதையைப் பிடியுங்கள். வடக்கே ஆஷ்டன் க்ளஃப் என்ற செங்குத்தான ஓடைப்பள்ளம் பிரியும். சி-47இன் பாகங்கள் அதற்குள்தான் சிதறிக் கிடக்கின்றன. அதன் தலைப்பில் ஜேம்ஸஸ் தார்ன். லங்காஸ்டரின் மிச்சமும் நினைவுக்கல்லும் அங்கே. அங்கிருந்து கிழக்கே சுமார் ஒரு கிலோமீட்டரில் 621 மீட்டர் உயர ஹயர் ஷெல்ஃப் ஸ்டோன்ஸ். உச்சியில் நில அளவைக்காக நட்ட கல்தூண் (அளவைத் தூண்) நிற்கும். பி-29 அதற்குச் சற்று வடகிழக்கே, வரைபட எண் (வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைச் சொல்லும் எண்) எஸ்.கே. 090 949.

திரும்பும்போது கிழக்கே ஹெர்ன் க்ளஃப் ஓடைக்கு இறங்கி, பென்னைன் வே நடைபாதையில் தெற்கே வந்து, டாக்டர்ஸ் கேட் குறுக்கிடும் இடத்தில் மேற்கே திரும்பினால் ஓல்ட் கிளாசப். மொத்தம் 15 கிலோமீட்டருக்கு மேல். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏற்றத்துக்கு இன்னொரு மணி என்பது பொதுக் கணக்கு. பீட் மண்ணில் அது செல்லாது. பாதையை விட்டு விலகினால் வேகம் பாதியாகும். ஏழு மணி நேரம் ஒதுக்குங்கள்.

இரண்டு எச்சரிக்கை. முந்தைய நாள் மழை பெய்திருந்தால் ஆஷ்டன் க்ளஃபுக்குள் ஏற வேண்டாம், பாறை வழுக்கும். டாக்டர்ஸ் கேட் வழியே மேலே போய் பென்னைன் வேயில் வடக்கே நடந்து, ஹெர்ன் க்ளஃபில் இடப்பக்கம் திரும்பி, பி-29ஐ மட்டும் பார்த்துவிட்டு அதே வழியில் இறங்குங்கள். இன்னொன்று: ஏ57 சாலையின் மேல்முனை பி-29க்கு நேர் தெற்கே 2 கிலோமீட்டர்தான் என்று வரைபடத்தில் தெரியும். குறுக்கே இறங்கிவிடலாம் என்று தோன்றும். நடுவில் குரூக்கட் க்ளஃப் பள்ளம் கிடக்கிறது. மேகத்துக்குள் அந்தச் சரிவில் கால் வைக்கவே கூடாது.

ஆற்காடு எந்திரவாசி:
அனுமதி பற்றிச் சொல்கிறேன். அது திறந்த அணுகல் நிலம். 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி யாரும் கால்நடையாகப் போகலாம். பார்க்க, படம் எடுக்க உரிமம் தேவையில்லை. தொட்டு நகர்த்துவதுதான் குற்றம். பிரிட்டனில் 1986இன் ராணுவ எச்சங்கள் பாதுகாப்புச் சட்டப்படி, ராணுவப் பணியில் இருந்தபோது விழுந்த எந்த விமானமும் தானாகவே பாதுகாப்புக்குள் வந்துவிடும். தனி அறிவிப்புப் பலகை இருக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு அமைச்சகத்தின் உரிமம் இல்லாமல் தோண்டினாலோ, எடுத்தாலோ, சேதப்படுத்தினாலோ வழக்கு. ஒரு ரிவெட் என்றாலும் அதே சட்டம்தான். வேலூர்க் கோட்டை அகழியிலிருந்து கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டோம் இல்லையா? இங்கே மனித உயிர்களும் சேர்ந்திருக்கின்றன.

லங்காஸ்டர் 1945 மே 18 அன்று விழுந்தது. கே.பி.993, கனடா விமானப்படையின் 408ஆம் படைப்பிரிவு. ஐரோப்பாவில் போர் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது. ஆறு பேரும் இறந்தார்கள். அதே மேட்டில் ஜூலை 24 அன்று சி-47, ஏழு பேர். பி-29 1948 நவம்பர் 3 அன்று, ஸ்காம்ப்டன் விமானத்தளத்திலிருந்து பர்ட்டன்வுட் விமானத்தளத்துக்குப் போகும் வழியில், பதின்மூன்று பேர். அது 1946இல் பிகினி தீவு அணுகுண்டுச் சோதனையைப் படமெடுக்கப் போன விமானம். பி-29 போருக்குப் பிந்தையது, அதை மற்ற இரண்டோடு சேர்த்துப் பேசினாலும் இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள்.

அந்தக் காலத்தில் விமானி திசை, வேகம், நேரம் மூன்றையும் வைத்துத்தான் தன் இடத்தைக் கணித்தார். எதிர்காற்று கணித்ததைவிட வலுவாக இருந்தால், மலையைத் தாண்டிவிட்டோம் என்று நினைக்கும் நேரத்தில் விமானம் மலைக்கு மேலேயே இருக்கும். கீழே மேகம் மூடியிருக்க, அந்த நம்பிக்கையில் இறங்கினால் எதிரே மேடு.

மூன்றையும் எஞ்சினை வைத்துப் பிரிக்கலாம். பி-29இல் ரைட் ஆர்-3350, இரண்டு வரிசையில் 18 சிலிண்டர். சி-47இல் பிராட் அண்ட் விட்னி ஆர்-1830, 14 சிலிண்டர். லங்காஸ்டரில் பேக்கார்டு தயாரித்த மெர்லின், வி வடிவில் 12. வட்டமாகச் சிலிண்டர் அடுக்கியிருந்தால் அது லங்காஸ்டருடையது ஆகாது. தகட்டின் உட்பக்கம் மஞ்சள் கலந்த பச்சை நிறம் தெரிந்தால் அது துருத்தடுப்புப் பூச்சு. பீட் மண் அமிலம் நிறைந்தது, அலுமினியத்தை மெல்ல அரிக்கும். விளிம்புகள் பிளேடு போல ஆகியிருக்கும், கையுறை போட்டிருந்தாலும் தொடாதீர்கள். கடிகார முகப்பு போன்ற கருவி கண்ணில் பட்டால் கிட்டே போக வேண்டாம். அந்தக் காலத்து ஒளிரும் எழுத்தில் ரேடியம் உண்டு. பாகங்களின் மேல் ஏறி நின்று படம் எடுக்கவும் வேண்டாம்.

காட்பாடி மாணவன்:
நன்றி அண்ணா. டிசம்பர் விடுமுறையில் தனியாகப் போகலாமா? போனில் வரைபடம் இருந்தால் போதாதா?

குடியாத்தம் மலைவழி:
டிசம்பர் வேண்டாம், தனியாகவும் வேண்டாம். அங்கே அந்த மாதம் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறையும். ஏழு மணி நேர நடைக்குப் பகல் மிச்சமே இருக்காது. செப்டம்பர் கடைசி நல்லது. இல்லையென்றால் மே, ஜூன். பறவைகள் தரையில் கூடு கட்டும் காலம் அது, பாதையிலேயே நில்லுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி பின்னே தள்ளுவார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

போன் வரைபடம் நல்லதுதான், ஆனால் குளிரில் பேட்டரி திடீரென்று இறங்கும். ஈரத் திரையில் விரல் வேலை செய்யாது. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல்.1 டார்க் பீக் வரைபடத் தாள், 1:25,000 அளவு, கூட ஒரு திசைகாட்டி. திசைகாட்டியைப் போன் பக்கத்திலோ எஞ்சின் இரும்புக்குப் பக்கத்திலோ வைத்துப் பார்த்தால் முள் பொய் சொல்லும், சில அடி விலகி நின்று பாருங்கள்.

உடுப்பு: ஜீன்ஸ், பருத்திச் சட்டை இரண்டும் கூடாது. நம் வெயிலுக்குப் பருத்தி சரி, அங்கே நனைந்தால் உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இங்கே கிடைக்கும் பைக் மழைக்கோட்டு காற்றில் கிழியும், உள்ளே வியர்த்து அதுவே நனைக்கும். மழைச் சட்டை, மழைக் கால்சட்டை இரண்டையும் அங்கேயே வாங்குங்கள். ஷூ மட்டும் இங்கே வாங்கலாம், கணுக்கால் மூடுவதாக, தடித்த மேடுபள்ள அடியோடு. கிளம்புவதற்கு முன் ஜவ்வாது மலைப் பக்கம் சில நடை நடந்து காலுக்குப் பழக்கிவிடுங்கள், புது ஷூவோடு அங்கே போய் இறங்கினால் குதிகால் கொப்பளிக்கும். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, குல்லா, கையுறை, தலைவிளக்கு, விசில், கடலைமிட்டாய், பிளாஸ்கில் சூடான டீ. அடுப்பு, பட்டாசு, சிகரெட் எதுவும் கூடாது. காய்ந்த பீட் மண் அடிக்குள்ளேயே நாள்கணக்கில் புகைந்து எரியும்.

பளிச்சென்ற பச்சைப் பாசி தெரிந்தால் கால் வைக்காதீர்கள், கீழே சேறு. முழங்கால் வரை புதைந்துவிட்டால் வெடுக்கென்று இழுத்தால் ஷூ உள்ளேயே தங்கும். முன்பக்கம் சாய்ந்து, ஊன்றுகோலைக் குறுக்கே போட்டு எடையை அதன் மேல் கொடுத்து, பாதத்தை மெல்ல ஆட்டி ஆட்டி எடுங்கள்.

கூட வருபவர் நடுங்கினால் உடனே காற்று மறைவில் உட்காரவைத்து, உலர்ந்த உடுப்பும் இனிப்பும் கொடுங்கள். பேச்சு குழறினாலோ, குளிர் தீராமலே நடுக்கம் நின்றுபோனாலோ நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம். அங்கத்து அவசர எண் 999ஐ அழைத்து முதலில் போலீஸ், பிறகு மௌண்டன் ரெஸ்க்யூ (மலை மீட்புக் குழு) என்று கேட்க வேண்டும். வரைபட எண்ணைச் சொல்லுங்கள். சிக்னல் மெலிந்த இடத்தில் குறுஞ்செய்தி போகும், ஆனால் முன்கூட்டியே பதிய வேண்டும். அங்கத்து சிம் போட்டதும் ரெஜிஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி, வரும் பதிலுக்குச் சம்மதம் சொல்லிவிடுங்கள். விசில் என்றால் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு.

சத்துவாச்சாரி நடையர்:
ஒன்று விட்டுப்போனது. காலையில் ஓல்ட் கிளாசப்பில் நின்று மேலே பாருங்கள். மேட்டின் விளிம்பு மேகத்துக்குள் இருந்தால் அன்று போக வேண்டாம். பாதி வழியில் மேகம் இறங்கினால் அங்கேயே திரும்புங்கள். பகல் 1 மணிக்குள் அளவைத் தூணைத் தொடவில்லை என்றாலும் திரும்புங்கள். எந்த வழியில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை மான்செஸ்டரிலேயே இருக்கும் ஒருவருக்கு எழுதிக் கொடுங்கள். காட்பாடியில் இருக்கும் அம்மாவுக்கு வாட்சப் அனுப்புவது இதற்கு ஈடாகாது, அவரால் அங்கே யாரையும் அனுப்ப முடியாது.