மறு: ‘கொன்றுண்ணிப் பறவை’ போதுமா?

நண்பர்களே,

கழுகு, பருந்து போன்ற பறவைகளை ஆங்கிலத்தில் ராப்டர் என்கிறார்களே, அதற்குத் தமிழில் ‘கொன்றுண்ணிப் பறவை’ என்றே நம் குழுவில் முடிவாகிவிடும் போலிருக்கிறது. எனக்கு ஒப்புதல் இல்லை. மீன்கொத்தியும் கொன்றுதான் தின்கிறது, கொக்கும் அப்படியே. அவற்றை யாரும் இந்த வகையில் சேர்ப்பதில்லை. பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, பெரும்பாலும் செத்ததைத் தின்கிறது, அதைச் சேர்க்கிறோம்.

ஜெர்மானிய மொழிகளைக் கொஞ்சம் பார்த்தேன். டச்சில் ரோஃப்ஃபோகல், சுவீடிஷில் ரூவ்ஃபோகெல், ஐஸ்லாந்து மொழியில் ரான்ஃபுகுல். எல்லாவற்றிலும் முன்பாதி கொள்ளை, பின்பாதி பறவை. ஆங்கிலம் மட்டும் வீட்டுச் சொல்லை விட்டு ‘பேர்ட் ஆஃப் பிரே’, ‘ராப்டர்’ என்று லத்தீன் வழி இரவல் வாங்கியது. ஆனால் ‘பிரே’யின் மூலமான ப்ரைடா என்பதும் கொள்ளைப் பொருள்தான், ‘ராப்டர்’ என்றால் பறிப்பவன். எந்தப் பக்கம் போனாலும் பறவைக்குத் திருட்டுப் பட்டம்!

ஜெர்மன்காரர்களும் ரௌப்ஃபோகல் என்றுதான் சொல்லிவந்தார்கள். ரௌப் என்பது அவர்கள் குற்றவியல் சட்டத்தில் இன்றும் கொள்ளைக் குற்றத்தின் பெயர். கோழியையும் முயலையும் தூக்குகிறது என்று சுட்டுத்தள்ளியவர்களுக்கு அந்தப் பெயர் வசதியாகத்தான் இருந்திருக்கும். பறவையியலாளர்கள் அதைத் தவிர்த்து கிரைஃப்ஃபோகல் என்கிறார்கள், அதாவது பற்றிப் பிடிக்கும் பறவை. குணத்தை விட்டுவிட்டுக் காலைச் சொல்லும் பெயர். பேச்சில் பழையதும் இன்னும் புழங்குகிறது.

நாமும் காலைப் பார்க்கலாமே. ‘பற்றுப்பறவை’ என்று எழுதிப் பார்த்தேன், வரவு பற்றுக் கணக்கு நினைவுக்கு வந்தது. அப்புறம் புறநானூறு 43ஆம் பாட்டு. புறாவைத் துரத்திவரும் பருந்தை அங்கே ‘கூருகிர்ப் பருந்து’ என்கிறார்கள், உகிர் என்றால் நகம். ஆகவே என் முன்மொழிவு: கூருகிர்ப் பறவை.

உகிர் யாருக்குப் புரியும் என்பீர்கள். ‘கூர்நகப் பறவை’ என்றாலும் சரிதான், எனக்கென்னவோ பூனை ஞாபகம் வருகிறது. பாறு இங்கேயும் கொஞ்சம் இடிக்கும், அதன் கால் இரையைப் பற்றித் தூக்க வலுவில்லாதது. கிரைஃப்ஃபோகலுக்கும் அதே சிக்கல். ஆனால் பாறுக்கும் உகிர் உண்டு, ‘கொன்றுண்ணி’ அளவுக்குப் பொய்யில்லை.

இன்னொன்று. ஜெர்மனில் இன்று கிரைஃப்ஃபோகல் என்றால் ஆந்தை அதில் வராது, அதற்குத் தனிப்பெயர். நம் சொல்லில் ஆந்தையும் தாராளமாக அடங்கிவிடுகிறது. ஆங்கிலத்தில் ராப்டர் என்பதிலும் பலர் ஆந்தையைச் சேர்க்கிறார்கள். சேர்ப்பதா, பிரிப்பதா? பறவை நோக்குபவர்கள் சொல்லுங்கள்.