அரீனாவில் முதல் நாட்கள்: இன்னும் மனத்தை உறுத்தும் ஒரு சண்டை

தூணோரம் (காத்ர் போர்ன், மொரீஷியஸ்)

வார்கிராஃப்ட் என்னும் இணைய விளையாட்டு, அதில் அணிகள் மோதும் அரீனா; இருவர் அணி, நாக்ராண்ட் மைதானம். நான் பிரீஸ்ட்; ஹீல் செய்வது, அதாவது அடிபட்ட கூட்டாளியின் உயிரை ஏற்றுவது, என் வேலை. அண்ணன் வாரியர், கிட்டே போய் வெட்டுகிறவர். அது தைப்பூசத்துக்கு முந்திய வாரம், வீட்டில் எல்லாரும் காவடி விரதம். அம்மா படுத்த பிறகு, 11 மணிக்கு மேல்தான் உட்கார முடியும். ஐரோப்பாவில் அப்போது இரவு 8 மணி, ஆட்களும் அப்போதுதான் நிறைய வருவார்கள்.

எதிரே ஒரு மேஜ் (தூரத்திலிருந்து மந்திரம் எறிகிறவர்), ஒரு ரோக் (மறைந்து வந்து குத்துகிறவர்). கதவு திறந்ததும் மேஜின் கண்ணில் படாமல் தூணுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொண்டேன். ஹீலர் தூணை விடக்கூடாது என்று எல்லாரும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நானும் விடவில்லை. அண்ணன் ரோக்கைத் துரத்திக்கொண்டு தூணின் மறுபக்கம் போனதை மட்டும் பார்க்கவில்லை.

அவருடைய உயிர்க்கோடு பாதிக்கு வந்தது. ஹீல் அழுத்தினேன். திரையின் மேலே சிவப்பு எழுத்தில், இலக்கு பார்வையில் இல்லை என்று வந்தது. மறுபடி அழுத்தினேன், அதே சிவப்பு. கோடு கால் பங்காகிவிட்டது. பட்டனை இன்னும் பலமாக அழுத்தினால் போய்ச் சேரும் என்பதுபோல் அழுத்திக்கொண்டே இருந்தேன். இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்திருந்தால் போதும். நகரவில்லை.

அண்ணன் பக்கத்து அறையில்தான் இருந்தார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு தடவை, "எங்கே இருக்கிறாய்?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் விழுந்துவிட்டார். என் உயிர்க்கோடு அப்போதும் நிறைந்திருந்தது, மந்திரம் போடும் சக்தியான மானாவும் முக்கால் பங்கு மீதம்.

பிறகு என் அறை வாசலில் வந்து நின்று தண்ணீர் குடித்தார். "படுத்துக்கொள், காலையில் கோயிலுக்குப் போக வேண்டும்" என்றார். அவ்வளவுதான். அன்று இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் நான் இதை எப்போதோ மறந்திருப்பேன்.

பழைய வாரியர் (சாட்ஸ்வர்த், டர்பன்)

தங்கையே, தூணையும் உங்களையும் குறை சொல்லாதீர்கள். தூரம் செய்த வேலை அது. 200 மில்லி விநாடி தாமதம் இருந்தால், உங்கள் திரையில் தெரிகிற அண்ணன் உண்மையில் வேறு இடத்துக்குப் போய்விட்டிருப்பார். நான் இதை 2007இலிருந்து பார்த்து வருகிறேன்.

பர்னிங் க்ருசேட் என்ற புதிய பாகம் வந்து அரீனா தொடங்கிய வருடம் அது. நானும் மச்சானும் ஓர் அணி. அப்போது அணிகளெல்லாம் 1500 ரேட்டிங்கில் (தர மதிப்பெண்) தொடங்கும். வாரத்துக்கு 10 ஆட்டம் ஆடியே தீர வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி கிடையாது. அன்று எங்கள் பத்தாவது ஆட்டம். எதிரே இருந்த பாலடின் (ஹீலும் செய்யக்கூடிய வீரர்) ஹீல் போடத் தொடங்கினார். நான் அவர் முகத்துக்கு நேரே நின்றுகொண்டிருந்தேன். ஹீல் தயாராவதைக் காட்டும் கோடு முக்கால் பங்கு நிறைந்ததும், அதை இடையில் வெட்டும் கிக்கை அழுத்தினேன். கோடு முழுதும் நிறைந்தது, மஞ்சள் ஒளி விழுந்தது, சாக இருந்தவன் பிழைத்துக்கொண்டான். என் வீரன் அதற்குப் பிறகுதான் கையை ஓங்கினான். வெறும் காற்றில் வீசிய அந்தக் கை இன்றும் கண்ணில் நிற்கிறது. அப்போது எனக்கு பிங், அதாவது தகவல் போய்வரும் நேரம், 400 மில்லி விநாடிக்குக் கீழே இறங்கியதில்லை. 2009 ஜூலையில் சீகாம் என்னும் கடலடி இணையக் கம்பி எங்கள் கடற்கரை ஊரான முட்டுன்சினியில் கரையேறி வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் நம் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் மூச்சு விட்டோம்.

புதிதாக நுழைகிறவர்களுக்கு இதையும் சொல்லிவிடுகிறேன். தூரத்தில் இருக்கிறவன் கோட்டின் முடிவைப் பார்த்து கிக் அடிக்கக்கூடாது, தொடக்கத்தைப் பார்த்து அடிக்க வேண்டும். ஆனால் எப்போதும் அப்படியே அடித்தால் எதிராளி ஏமாற்றுவான். ஹீலைத் தொடங்குவதுபோல் தொடங்கி, சட்டென்று நிறுத்துவான். உங்கள் கிக் வீணாகும், அவன் நிம்மதியாக மறுபடி தொடங்குவான். ஆகையால் ஒரே ஆட்டத்தில் ஒரு முறை முன்னதாகவும் ஒரு முறை சற்றுத் தாமதித்தும் அடியுங்கள். உங்கள் பழக்கம் அவனுக்குப் பிடிபடக்கூடாது.

அடுத்தது ட்ரிங்கெட். ஸ்டன்னிலிருந்து, அதாவது உங்களை அசையவிடாமல் நிறுத்தும் தாக்குதலிலிருந்து, உங்களை விடுவிக்கும் அந்த ஒரு பொருளைப் பயன்படுத்திவிட்டால் மறுபடி அது தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். புதியவர்கள் எல்லாரும் ரோக்கின் முதல் ஸ்டன்னிலேயே அதைச் செலவழித்துவிடுகிறார்கள். முதல் ஸ்டன் உங்களைக் கொல்வதற்காக அல்ல, அந்த ட்ரிங்கெட்டைப் பிடுங்குவதற்காக வருகிறது. கொலை அதற்கு அடுத்ததில்தான் இருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு முதலாவதைத் தாங்குங்கள். ஒரே வகை ஸ்டன்னை ஒருவர்மேல் அடுத்தடுத்துப் போட்டால், நான் கற்ற காலத்து விதிப்படி, முதல் முறை முழு நேரம் பிடிக்கும், பிறகு பாதி, பிறகு கால், நான்காவது பிடிக்கவே பிடிக்காது. இந்தக் கணக்கு மனத்தில் ஓடிக்கொண்டே இருந்தால் பயம் பாதி குறையும். உங்கள் கூட்டாளி மேஜ் எதிரி ஒருவனை மந்திரத்தால் ஆடாக்கிவிட்டால் அந்த ஆட்டைத் தொடாதீர்கள். ஓர் அடி விழுந்தாலும் மந்திரம் கலைந்துவிடும். என் மச்சான் சுழன்று சுழன்று வெட்டியதில் எத்தனை ஆடுகள் மனிதராகித் திரும்பி வந்து எங்களைக் கொன்றன என்று சொல்லி முடியாது. இன்னொன்று, ஒரே கூட்டாளியோடு குறைந்தது 50 ஆட்டமாவது ஆடுங்கள். தோற்றவுடன் ஆளை மாற்றுகிறவன் எதையும் கற்பதில்லை.

சாந்தாந்த்ரே (ரீயூனியன்)

அண்ணா சொன்ன ட்ரிங்கெட் விஷயம் சரி. தூரத்தின்மேல் பழி போடுவதை மட்டும் நான் ஏற்கவில்லை. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். எங்கள் தீவிலிருந்து பாரிஸ் 9,000 கிலோமீட்டருக்கு மேல். நேர்க்கோட்டில் கம்பி போட்டாலும் போய்வர 90 மில்லி விநாடி ஆகும். கம்பியோ கண்டத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. 2021இல் வந்த மெட்டிஸ் கம்பி உங்கள் டர்பன் பக்கத்து அமான்சிம்டோட்டியில்தான் கரையேறுகிறது. அங்கிருந்தும் ஐரோப்பா அதே தொலைவுதான். ஆகவே தாமதம் என்பது நம் ஊர் வெயில்போல, எப்போதும் இருப்பது. தூணுக்கு எந்தப் பக்கம் நிற்பது என்பதை அது தீர்மானிக்காது. தூணோரம் சொன்னதுதான் சரி, இரண்டு அடி நகர்ந்திருக்க வேண்டும். அதை அவரே தெரிந்து எழுதியிருக்கிறார். நாம் ஏன் அதை அவரிடமிருந்து பிடுங்க வேண்டும்?

என் கதை தனியாள் சுற்றில் நடந்தது. 6 பேர், 6 சுற்று, சுற்றுக்குச் சுற்று அணி மாறும். நான் ஹீலர். எதிர் ஹீலர் கடைசிவரை எதிரியாகவே இருப்பார். அடிக்கிற நால்வரும் 3 சுற்று என்னோடு, 3 சுற்று எனக்கு எதிராக. எனக்கு அது இரண்டாம் நாள். அந்த நால்வரில் ஒரு ரோக். முதல் மூன்று சுற்றும் அவன் எதிரணி. மூன்றிலும் என்னையே தேடி வந்தான். கதவு திறந்ததும் பார்வையிலிருந்து மறைவான், நான்கு விநாடி கழித்து என் முதுகுக்குப் பின்னால் இருப்பான். மூன்று முறை செத்தேன். மூன்றாம் முறை விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டேன், கை நடுங்கியது.

நான்காவது சுற்று. கதவுக்குள் காத்திருக்கும்போது பக்கத்தில் பார்த்தால் அவனேதான். பிரெஞ்சில் ஒரே வரி எழுதினான்: "வலப்பக்கத் தூணுக்குப் போகாதே, எல்லா முறையும் அங்கேதான் போகிறாய்."

மூன்று சுற்றாக அவன் என்னைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் அவனைப் படிக்கவே இல்லை. இடப்பக்கம் போனேன். அந்தச் சுற்றில் ஜெயித்தோம், அடுத்ததிலும் ஜெயித்தோம். ஆட்டம் முடிந்தபின் நன்றி எழுத அவன் பெயரைத் தேடினேன். அதற்குள் அடுத்த ஆட்டத்துக்கான வரிசைக்குப் போய்விட்டிருந்தான். அந்த ஒரு வரிக்கு இன்னும் கடன்பட்டிருக்கிறேன்.

மலையடி (மோக்கா, மொரீஷியஸ்)

இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2024 ஜனவரி 14, ஞாயிறு இரவு. பெலால் புயல் ரீயூனியனை நெருங்கிக்கொண்டிருந்தது. என் கூட்டாளி அந்தத் தீவின் தலைநகர் செந்தெனியில் இருக்கிறார், ட்ரூயிட் ஹீலர், கரடியாக உருமாறக்கூடியவர். நான் பாலடின், அரீனாவுக்கு வந்து இரண்டு வாரம்தான். காற்று தொடங்கிவிட்டது, வேண்டாம் என்று சொன்னேன். ஜன்னலெல்லாம் அடைத்தாகிவிட்டது, சும்மா உட்கார்ந்து சத்தத்தைக் கேட்பதைவிட இது மேல் என்றார்.

ஆட்டத்தின் நடுவே அவர் குரல் நின்றது. அவருடைய கரடி மைதானத்தின் நடுவில் அப்படியே நின்றது, ஓர் அடிகூட அசையவில்லை. எதிரணியினர் இருவரும் அதை இரண்டு மூன்று தடவை அடித்தார்கள், பிறகு நிறுத்திவிட்டார்கள். அவர்களுக்குப் புரிந்துவிட்டது. கரடியைத் தாண்டி வந்து, என் கண்ணெதிரே தரையில் உட்கார்ந்தார்கள், இருவரும். காத்திருக்கிறோம் என்று சொல்ல அவர்களுக்கு வேறு வழி இல்லை. எதிரணியிடம் பேச முடியாது அல்லவா.

நான் அடித்தேன். வைத்திருந்த சக்தி எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி, உட்கார்ந்திருந்த மேஜின்மேல் இறக்கினேன். அவர் எழுந்திருப்பதற்குள் கீழே கிடந்தார். மற்றவர் எழுந்து என்னைக் கொன்றார். அவசரமே இல்லாமல் கொன்றார்.

மறுநாள் காலை அங்கே ஊதா எச்சரிக்கை, புயலுக்கான உச்ச எச்சரிக்கை. எங்கள் பக்கம் போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்தன. கூட்டாளி இரண்டு நாள் கழித்துத்தான் செய்தி அனுப்பினார், மின்சாரம் போயிருந்தது, மற்றபடி நலம். ஆட்டம் என்ன ஆயிற்று என்று கேட்டார். தோற்றுவிட்டோம் என்றேன். அவர்கள் உட்கார்ந்ததைச் சொல்லவில்லை.

பழைய வாரியர் (சாட்ஸ்வர்த், டர்பன்)

மலையடி, அரீனாவுக்குள் நுழைந்தவன் எவனும் உட்காரலாம், அடி வாங்கவும் தயாராக இருக்க வேண்டும். அதற்காக நீங்கள் வருந்த ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் மின்வெட்டு கடுமையாகி ஆறாம் கட்டத்தில் இருந்தபோது என் திரை நடு ஆட்டத்தில் எத்தனையோ முறை இருண்டிருக்கிறது. எனக்காக யாரும் உட்கார்ந்ததில்லை. மோடத்துக்குத் தனியாக ஒரு சிறிய பேட்டரி வாங்கி வையுங்கள், அது போதும்.

சாந்தாந்த்ரேக்கு: தாமதம் வெயில்போல என்றீர்கள். வெயிலில் நடக்கிறவன் குடை எடுத்துக்கொள்வான். நான் சொன்னது குடையைப் பற்றி.

சாந்தாந்த்ரே (ரீயூனியன்)

அண்ணா, அவர் பேட்டரி கேட்கவில்லை.

மலையடி, அன்று இரவு எங்கள் தெருவிலும் மின்சாரம் இல்லை. அந்த இருவர் எந்த நாட்டவரோ தெரியாது. இங்கே புயல் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஒருவன் அசையாமல் நிற்கிறான் என்பதற்காகவே உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டாளியிடம் சொல்லிவிடுங்கள். உங்கள்மேல் கோபப்பட மாட்டார். தன் கரடிக்காக இரண்டு பேர் காத்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரிய வேண்டும்.

தூணோரம் (காத்ர் போர்ன், மொரீஷியஸ்)

எல்லாவற்றையும் படித்துவிட்டு நேற்று அண்ணனுக்கு போன் செய்தேன். இப்போது திருமணமாகி போர்ட் லூயிஸில் இருக்கிறார். விளையாடி நாலைந்து வருடம் ஆகிறது. நாக்ராண்ட் ஆட்டம் நினைவிருக்கிறதா, விரத வாரம், மேஜும் ரோக்கும் என்று கேட்டேன்.

நினைவில்லை என்றார். கொஞ்சம் யோசித்தார். அந்த வருடம் காவடி முடிந்து வாழையிலையில் ஏழு கறி சாப்பிட்டது நினைவிருக்கிறது, பலாக்காய்க் கறியில் அம்மா உப்பு போட மறந்துவிட்டார் என்றார். பிறகு அவராகவே வேறொரு ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினார். பிளேட்ஸ் எட்ஜ் பாலத்திலிருந்து அவர் கீழே குதித்தாராம். எதிரிகள் இருவரும் பின்னாலேயே குதித்தார்களாம். உயிர்க்கோடு ஊசி முனை அளவுக்கு வந்தபோது நான் மேலிருந்து குதித்து, விழுந்துகொண்டே அவர்மேல் கவசம் போட்டேனாம். "அதற்குள் நீ வந்துவிட்டாய்" என்றார். இரண்டு தடவை சொன்னார்.

எனக்கு அந்த ஆட்டம் துளிகூட நினைவில் இல்லை. பாலம் நினைவிருக்கிறது. குதித்தது நினைவில்லை.

பழைய மடிக்கணினியைத் தூசி தட்டி வைத்திருக்கிறாராம். எந்தப் பட்டனில் எது இருந்தது என்பதெல்லாம் மறந்துபோயிற்று, சனிக்கிழமை 11 மணிக்கு வா, முதலில் அதைப் பார்ப்போம் என்றார்.