கிராம சபையில் மைக் பிடித்தால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. மாத்திரை போடலாமா?

கரிசல் மல்லி (உசிலம்பட்டி பக்கம்):
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் மகளிர் குழுவில் நான்தான் ஊக்குநர். குழுக் கூட்டத்தில் எனக்கு வாய் ஓயாது. வட்டிக் கணக்கு இடித்தால் பேங்க் மேனேஜர் எதிரிலேயே உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவேன். மைக் மட்டும்தான் ஆகாது.

மே தினக் கிராம சபையில் எங்கள் தெருத் தண்ணீர் விஷயத்தைப் பேசு என்று எழுப்பிவிட்டார்கள். "எங்க தெருவுக்கு" என்று தொடங்கினேன். என் குரலே குழாய் ஒலிபெருக்கியில் "தெருவுக்கு... வுக்கு..." என்று திரும்பி வந்தது. அதோடு சரி. நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது, கையிலிருந்த தாள் படபடவென்று ஆடியது. பின்னால் நாற்காலியில் இருந்த பெரியவர் ஒருவர், "தண்ணி கேக்க வந்த பிள்ளைக்கு மொதல்ல ஒரு சொம்பு தண்ணி குடுங்கப்பா" என்றார். சபையே சிரித்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அக்டோபர் 2 மறுபடி வருகிறது. இந்தத் தடவையும் நீதான் பேச வேண்டும் என்கிறார்கள். நாத்தனார் மகள், மேடை ஏறுகிறவர்கள் ஒரு மாத்திரை போடுவார்கள், மெடிக்கலில் கேட்டால் கிடைக்கும் என்கிறாள். எனக்குப் பனிக்காலத்தில் வீசிங் வரும். போடலாமா? வேறு வழி இருந்தாலும் சொல்லுங்கள்.

மருந்துச்சீட்டு (அண்ணாநகர், மதுரை):
அக்கா, மாத்திரை வேண்டாம். உங்கள் நாத்தனார் மகள் சொல்வது அநேகமாக புரோப்ரனலால். பயத்தில் அட்ரினலின் சுரக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதையும் கை நடுங்குவதையும் அது அடக்கும். ஆனால் மூச்சுக்குழாயையும் சுருக்கிவிடும். வீசிங் உள்ளவர்கள் போட்டால் சபை நடுவிலேயே மூச்சுத்திணறல் வரலாம். யார் மெடிக்கலிலும் சீட்டில்லாமல் கேட்காதீர்கள். கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நாக்கு ஒட்டுவதும் அதே அட்ரினலின் வேலைதான். அந்த நேரத்தில் எச்சில் குறைந்துவிடும். பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போங்கள்; எழுந்திருக்கும் முன்பே ஒரு வாய் குடித்துவிடுங்கள். அப்புறம் யாரும் சொம்பு நீட்ட வேண்டியிருக்காது.

வடபழஞ்சி ஐடி:
டோஸ்ட்மாஸ்டர்ஸ் மாதிரி ஒரு பேச்சுப் பயிற்சி கிளப்பில் சேருங்கள் மேடம். வாரா வாரம் பேச வைத்தே பழக்கிவிடுவார்கள்.

பழைய மைக் (மேலூர்):
தம்பி சொல்வது நல்ல வழிதான். ஆனால் உசிலம்பட்டியில் மாட்டையும் பிள்ளைகளையும் பார்க்கிறவர் அதற்காக மதுரைக்கு வந்து போக முடியுமா?

தாயீ, நான் கோயில் திருவிழாப் பட்டிமன்றங்களில் இரண்டாம் பேச்சாளர். ஆயுசில் பாதியை அப்படியே ஓட்டியாச்சு. இன்றைக்கும் நடுவர் என் பெயரைச் சொன்னதும் வயிறு கலக்கும். அது போகாது, போகவும் வேண்டாம். முதல் நிமிடத்தைத் தாண்டிவிட்டால் அப்புறம் அது பாட்டுக்கு ஒரு ஓரமாகக் கிடக்கும்.

நீ எழுதியதைப் படித்ததும் எனக்குப் பட்டது ஒன்று. உன்னை விழ வைத்தது எகோ. ஊர் மைக் செட்டில் பாட்டுக்காக எகோவை ஏற்றி வைத்திருப்பார்கள். அதில் பேசினால் நம் குரலே நம்மை வந்து இடிக்கும், எப்பேர்ப்பட்டவனுக்கும் வார்த்தை தடுக்கும். சபைக்கு முன்னாலேயே மைக் செட்காரரிடம் போய் "பேச்சுக்கு எகோ வேண்டாம்" என்று சொல்லிவிடு. மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடி. ஒலிபெருக்கிப் பக்கம் திருப்பிவிடாதே, கூவென்று கத்தும்.

ஒற்றைத் தாளும் உதவாது. கொஞ்சம் நடுங்கினாலும் ஊருக்கே காட்டிக்கொடுக்கும். அட்டை போட்ட நோட்டாகக் கொண்டு போ.

கரிசல் மல்லி:
ஐயா, பேச வேண்டியதை முழுசாக எழுதி மனப்பாடம் செய்துவிடவா?

பழைய மைக்:
வேண்டாம் தாயீ. நடுவில் ஒரு சொல் விட்டுப்போனால் அடுத்தது வராது. முதல் இரண்டு வாக்கியம், கடைசி ஒரு வாக்கியம், இது மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வர வேண்டும். நடுவில் வருவது உனக்கே தெரிந்த சங்கதி. "அவையோர் அனைவருக்கும் என் பணிவான" என்றெல்லாம் மேடைத் தமிழுக்குப் போகாதே. குழுவில் எப்படிப் பேசுவாயோ அப்படியே பேசு: "எங்க தெருவுல இத்தனை வீடு. தண்ணி இத்தனை நாளைக்கு ஒரு தடவை வருது. வந்தா இத்தனை குடம்." எண்ணிக்கை கையில் இருந்தால் குரல் தானாக நிமிரும். வட்டிக் கணக்குப் பேசுகிறவளுக்கு இதை நான் சொல்ல வேண்டுமா?

தமுக்கம் சுப்பு:
காந்தி மியூசியம் பக்கத்தில் குடியிருப்பதால் ஒரு வார்த்தை. அக்டோபர் 2க்குச் சொந்தக்காரரே இதில் உங்கள் கட்சிதான். லண்டனில் படித்தபோது ஒரு சைவ உணவுக்காரர்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு தாளில் பேச்சை எழுதிக்கொண்டு போயும், கண் மங்கி உடம்பு நடுங்கியதால் வேறொருவர்தான் அதைப் படித்தார். பம்பாயில் முதல் வழக்கிலும் எழுந்து நின்றவருக்குக் குறுக்கு விசாரணைக்கு ஒரு கேள்விகூட வரவில்லை. வாங்கிய 30 ரூபாய் பீஸைத் திருப்பித் தருவதாகச் சொல்லி உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்தது 1893-இல் பிரிட்டோரியாவில், அங்கிருந்த இந்திய வியாபாரிகள் முன்னால். தன் வாழ்க்கையின் முதல் பொதுப்பேச்சு அதுதான் என்று அவரே எழுதியிருக்கிறார். வியாபாரத்தில் உண்மையாக இருப்பது பற்றிப் பேசினாராம், அதுவும் வியாபாரிகளிடமே!

முன்னாள் வார்டு:
பழைய மைக் ஐயா சொன்னதெல்லாம் சரி. ஆனால் அவர் ஆண்பிள்ளை, மேடையில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். நாம் ஜமுக்காளத்திலிருந்து எழுந்து, நாற்காலியில் இருப்பவர்களைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. பாதிப் பயம் அந்த நாற்காலிகளால் வருவது.

தனியாகப் போகாதே மல்லி. குழுவில் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வை. அவர்கள் முகத்தைப் பார்த்தே பேசு. நாற்காலிப் பக்கம் திரும்பாதே. யாராவது கேலி பேசினால் பதில் சொல்வது அவர்கள் வேலை, உன் வேலை இல்லை. முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. தெருக்காரர்கள் கையெழுத்தோடு மனுவும் கையில் இருக்கட்டும். குரல் நின்றுபோனாலும் மனு நிற்காது, கொண்டு போய்க் கொடுத்துவிடலாம். "இதைத் தீர்மானமாக எழுதுங்க, எழுதினதை வாசிங்க" என்பதை உன் கடைசி வாக்கியமாக வைத்துக்கொள். அந்தப் பஞ்சாயத்தில் ஓட்டு இருக்கிற யாரும் கேட்கலாம். எழுதாத பேச்சு எவ்வளவு நன்றாக இருந்தாலும் தண்ணீர் வராது.

கரிசல் மல்லி:
அக்கா, ஐயா, எல்லாருக்கும் நன்றி. மாத்திரை எண்ணத்தை விட்டாச்சு. சாயங்காலம் வீடு வீடாகப் போய்க் குடக் கணக்கு எழுதத் தொடங்கிவிட்டோம். மைக் செட் போடுவது என் கொழுந்தன்தான். எகோவைக் குறைக்கச் சொன்னால், "கொடியேத்துறப்ப பாட்டு எடுப்பா இருக்காதே மதினி" என்று இழுக்கிறான். அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.