பைப் தண்ணியில குளோரின் வாடை, பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

சுங்கை சிப்புட் (மலேசியா) அம்மா:
நாங்க இருக்கிறது பழைய தோட்ட லயத்தை ஒட்டின தாமான் (குடியிருப்பு). மழை விட்ட மறுநாள் பைப்பைத் திறந்தாலே மருந்து வாடை. வாளியில பிடிச்சா முதல்ல வெள்ளையா இருக்கு, அப்புறம் அடியிலேருந்து தெளியுது. மகளுக்கு அஞ்சு மாசம், பவுடர் பால்தான். ஃபில்டர் விக்க வந்தவர் ரெண்டு சொட்டு விட்டுத் தண்ணி மஞ்சளாகிறதைக் காட்டி, குளோரின், ஃப்ளோரைடு எல்லாம் விஷம்னு சொல்லிட்டுப் போறார். காய்ச்சினாப் போதுமா?

ரிட்டயர் ஆன அண்ணன்:
தங்கச்சி, தண்ணி சுத்திகரிக்கிற இடத்துலதான் நான் வேலை பார்த்தேன். அடியிலேருந்து தெளிஞ்சா அது காத்துக் குமிழி. மஞ்சள் நிறம் குளோரின் இருக்குன்னு மட்டுந்தான் காட்டும். இருக்கணும், இல்லேன்னா காலராவும் டைஃபாய்டும் வரலாம். உலகச் சுகாதார நிறுவனம் வச்ச வரம்பு லிட்டருக்கு 5 மில்லிகிராம். அதுக்கு ரொம்பக் கீழேயே மூக்குக்குத் தெரிஞ்சிடும். எனக்குக் கவலை வேற. மழையில ஆத்துக்கு வர்ற இலைதழைக் கழிவோட குளோரின் சேர்ந்தா டிரைஹாலோமீத்தேன்ங்கிற வேதிப்பொருள் உண்டாகும். வருஷக்கணக்கா அதிகமாக் குடிச்சா சிறுநீர்ப்பைப் புற்றுநோய் வரலாம்னு ஆய்வாளர்கள் சந்தேகப்படுறாங்க. மூடியைத் திறந்து நல்லாக் கொதிக்க விடுங்க, குளோரினும் அந்த டிரைஹாலோமீத்தேனும் பெரும்பாலும் ஆவியாப் போயிடும்.

பல் நர்ஸ் அக்கா:
பல் சொத்தையாகாம இருக்கத் தண்ணியில சேர்க்கிற ஃப்ளோரைடு கொதிச்சாலும் போகாதும்மா, தண்ணி வத்தினா இன்னும் கூடும். ஆனா நம்ம நாட்டுல 2005லயே அந்த அளவை 0.7லேருந்து 0.5 பிபிஎம்முக்குக் (லிட்டருக்கு மில்லிகிராம்) குறைச்சிட்டாங்க. பவுடர் பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்குப் பின்னால பல்லுல லேசா வெள்ளைப் புள்ளி வரலாம். சாதாரண கரி ஃபில்டர் ஃப்ளோரைடை எடுக்காது, நுண்ணிய சவ்வு வழியாத் தண்ணியைத் தள்ளி வடிகட்டுற ஆர்.ஓ.தான் எடுக்கும். விக்கிறவர்கிட்ட அதைக் கேளுங்க.